விடுமுறையில் தூக்கம் ஏன் தள்ளிப்போகிறது? மாணவர்களுக்கு உடல் கடிகாரம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

விடுமுறையின் முதல் வாரத்தில் இரவு பதினொரு மணிக்குப் படுத்த மாணவர், மூன்றாவது வாரத்தில் இரண்டு மணிக்குப் படுக்கிறார். காலையில் பத்தரைக்கு எழுகிறார். கணக்குப் பார்த்தால் பள்ளி நாட்களைவிட ஒரு மணி நேரம் அதிகமாகவே தூங்குகிறார். ஆனாலும் பகலெல்லாம் உடம்பு மந்தமாக இருக்கிறது, பசி நேரத்துக்கு வருவதில்லை, பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வகுப்புகளில் கண் செருகுகிறது. "நன்றாகத்தானே தூங்கினாய், பிறகு என்ன?" என்று வீட்டில் கேட்பது நியாயம்தான். எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தூங்கினார் என்று பார்க்க வேண்டும்.

விடுமுறைக்கால ஆரோக்கியம் என்றால் சாப்பாடு, உடற்பயிற்சி, மன அமைதி என்று நீளமான பட்டியல் வரும். அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது உடல் கடிகாரம். அது இடம் மாறிவிட்டால் மற்ற நல்ல பழக்கங்களும் கூடவே கலைந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

உள்ளே ஓடும் கடிகாரம்

1729-இல் த மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், தொட்டாற்சிணுங்கி போல இலை மூடித் திறக்கும் செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாவிட்டாலும் அது பகல் நேரத்தில் இலையை விரித்தது, இரவு நேரத்தில் மூடிக்கொண்டது. நேரம் பார்க்கும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் அதுதான்.

மனிதருக்கு அந்தத் தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த சின்னஞ்சிறு கொத்து அது. பெயர் சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குவதும், அந்தப் புரதங்கள் சேர்ந்ததும் அதே மரபணுக்களை அடக்குவதும், புரதம் சிதைந்ததும் மீண்டும் உற்பத்தி தொடங்குவதுமாக ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இந்தச் சுழற்சியைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

"ஏறக்குறைய" என்ற சொல்லைக் கவனியுங்கள். மனிதரின் உள் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம் போல நீளமாக ஓடுகிறது. 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கைக்கடிகாரம் எதுவும் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். வெளியே செப்டம்பர் 14 ஆனபோது அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது. ஆனால் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று மேலே இருந்தவர்கள் குறித்து வைத்ததைப் பார்த்தால், அவருடைய உடம்பு இருபத்துநான்கரை மணி நேரச் சுழற்சியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது. சும்மா விட்டால் மனித உடம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத்தான் நகரும். விடுமுறையில் தூக்கம் எப்போதும் முன்னால் வராமல் பின்னாலேயே போவதற்கு அடிப்படைக் காரணம் இது.

தினமும் இந்தப் பிழையைத் திருத்துவது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. நீலம் கலந்த ஒளிக்கு, அதாவது 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு, அவை அதிகம் எதிர்வினை காட்டும். அந்தச் செல்கள் தரும் செய்தி நேராகத் தலைமைக் கடிகாரத்துக்குப் போகிறது.

அந்தச் செல்கள் வேலை செய்ய எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். வீட்டு அறையில் விளக்கைப் போட்டால் 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். நல்ல வெயிலில் 50,000-ஐத் தாண்டிவிடும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை "வெளிச்சமாகத்தான்" தெரியும். கடிகாரத்தைப் பொறுத்தவரை அது மங்கல் பொழுதுதான். காலை முழுக்கத் திரைச்சீலை மூடிய அறையில் கிடக்கும் மாணவரின் கடிகாரத்துக்கு விடிந்த செய்தியே போய்ச் சேர்வதில்லை.

பதின்பருவத்தில் மட்டும் ஏன் இவ்வளவு?

பருவ வயதில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வருகின்றன. தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பு, குழந்தைப் பருவத்தைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்க அழுத்தமும் குழந்தைகளுக்கு ஏறுவதைவிட மெதுவாக ஏறுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு "எனக்குத் தூக்கமே வரவில்லை" என்றால் அது பெரும்பாலும் உண்மை. இருபது வயதை ஒட்டித்தான் இந்தப் போக்கு திரும்பத் தொடங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்ததற்கும் இதுவே காரணம். சோம்பேறி என்று திட்டுவதால் கடிகாரம் ஒரு நிமிடம்கூட நகராது. திட்டுகிற நேரத்தில் திரைச்சீலையை விலக்கினால் நகரும்.

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். கல்லூரி மாணவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல்.

விமானம் ஏறாமலே ஜெட்லாக்

நேர மண்டலங்களைத் தாண்டி விமானத்தில் போகிறவருக்கு வரும் தூக்கத் தடுமாற்றம்தான் ஜெட்லாக். அதைப் போல, வேலை நாளின் தூக்க நேரத்துக்கும் ஓய்வு நாளின் தூக்க நேரத்துக்கும் உள்ள இடைவெளிக்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர். ஜெர்மனியின் டில் ரோனபெர்க்கும் அவர் குழுவினரும் 2006-இல் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். உங்களுடையதைக் கணக்கிட ஒரு தாளும் பேனாவும் போதும்.

தூக்கத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி நாளில் இரவு 10.30-க்குத் தூங்கி 6 மணிக்கு எழுகிறவர் தூங்குவது ஏழரை மணி நேரம். அதில் பாதி 3 மணி 45 நிமிடம். 10.30-உடன் கூட்டினால் நடுப்புள்ளி அதிகாலை 2.15. விடுமுறையில் 2 மணிக்குத் தூங்கி 10.30-க்கு எழுகிறார். எட்டரை மணி நேரம், பாதி 4 மணி 15 நிமிடம், நடுப்புள்ளி காலை 6.15. இரண்டுக்கும் வித்தியாசம் 4 மணி நேரம். பள்ளி திறக்கும் நாளன்று அவர், நான்கு நேர மண்டலம் தாண்டி வந்து இறங்கிய பயணியைப் போலத்தான் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

படுத்த நேரத்தை எழுதாதீர்கள். உண்மையில் தூங்கிப்போன நேரத்தை எழுதுங்கள். போனோடு படுத்த 11 மணிக்கும் கண் அசந்த 1.30-க்கும் நடுவில்தான் பாதிப் பிரச்சினையே இருக்கிறது. வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். இரண்டைத் தாண்டினால் திட்டம் போட்டுத்தான் திருத்த வேண்டும்.

"இன்று சீக்கிரம் படு" ஏன் பலிப்பதில்லை

பள்ளி திறக்க ஒரே ஒரு இரவு பாக்கி. எல்லா விளக்கையும் அணைத்துப் பத்து மணிக்கே படுக்கவைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு அடிக்கிறது, பிள்ளை புரண்டுகொண்டே இருக்கிறது. நடப்பது இதுதான்.

மூளையில் அடினோசின் என்ற பொருள், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே வருகிறது. அதுதான் தூக்க அழுத்தம். நன்றாகத் தூக்கம் வர 14 முதல் 16 மணி நேர விழிப்பாவது வேண்டும். அன்று காலை பத்தரைக்கு எழுந்தவர் இரவு பத்துக்கு விழித்திருந்தது பதினொன்றரை மணி நேரம்தான். அழுத்தம் போதவில்லை. அதோடு இன்னொன்றும் சேர்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில் கடிகாரம் உடம்பை மிகவும் விழிப்பாக வைத்திருக்கும். நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பைத் தாண்டி மாலையில் நாம் நிமிர்ந்து இருப்பது அதனால்தான். இரண்டு மணிக்குத் தூங்கிப் பழகியவருக்கு அந்த நேரம் இரவு 11 முதல் 1 மணி. அந்த நேரத்தில் தூங்கச் சொல்வது, சாதாரண நாளில் இரவு எட்டரைக்குத் தூங்கச் சொல்வது போல.

படுக்கையில் விழித்துப் புரண்டு பழகுவதில் ஒரு கெடுதலும் உண்டு. படுக்கை என்றாலே கவலை என்று மூளை கற்றுக்கொள்ளும். இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான விளக்கில் ஒரு புத்தகம் படித்துவிட்டு, கண் அசத்தும்போது திரும்பப் படுப்பது நல்லது.

அலாரமும் அதிகாலை வெளிச்சமும்

அப்படியானால் முதல் நாளே ஆறு மணிக்கு எழுப்பி வெயிலில் நிறுத்திவிடலாமா? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, இது பலருக்கும் தெரியாது. உடலின் உள் வெப்பநிலை இரவில் இறங்கி, வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு மிகக் குறைவாகிறது. அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளும்.

பத்தரைக்கு எழுந்து பழகியவருக்கு அந்தப் புள்ளி காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில். ஆறு மணி வெயில் அதற்கு முன்னால் விழுகிறது. வெளியே விடிந்திருந்தாலும் அவருடைய கடிகாரத்துக்கு அது நள்ளிரவில் போட்ட விளக்கு. நேராக்கப் போன கடிகாரம் இன்னும் பின்னுக்குப் போக வாய்ப்பு உண்டு. அதனால்தான் படிப்படியாக வர வேண்டும்.

திருத்தும் முறை

மேலே சொன்ன மாணவரையே எடுத்துக்கொள்வோம். பத்தரை மணி ஆறு மணியாக வேண்டும், நாலரை மணி நேரம். நாளுக்கு அரை மணி நேரம் என்றால் 9 நாள். புதிய நேரத்தில் நிலைத்து நிற்க 3 நாள். ஆக, பள்ளி திறப்பதற்கு 12 நாட்களுக்கு முன் தொடங்க வேண்டும்.

முதல் நாள் அலாரம் 10 மணிக்கு, இரண்டாம் நாள் 9.30-க்கு, இப்படியே வந்தால் ஒன்பதாம் நாள் 6 மணி. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்து அரை மணி நேரம் இருக்க வேண்டும். மேகமூட்டம் என்றால் ஒரு மணி நேரம். சூரியனைப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. திறந்த வெளியில் நடந்தால், விளையாடினால், படியில் உட்கார்ந்து படித்தால் போதும். ஜன்னல் ஓரம் அந்த அளவுக்குப் பலன் தராது, ஜன்னலிலிருந்து சில அடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு விழுந்துவிடும். எழும் நேரம் நகர நகர வெப்பநிலைப் புள்ளியும் கூடவே முன்னால் நகர்வதால், ஒவ்வொரு நாளும் வெளிச்சம் சரியான பக்கத்திலேயே விழும்.

படுக்கும் நேரத்தையும் இரண்டு மணியிலிருந்து தினம் அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். எட்டாம் நாள் இரவு பத்து மணிக்கு வந்துவிடும். பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி நேரம். பள்ளி நாட்களில் அவர் தூங்கிய ஏழரை மணி நேரமே வயதுக்குக் குறைவு என்பதால் இந்த அரை மணி நேர லாபத்தை விட வேண்டாம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் கண்டிப்பாகப் பிடிக்க முடியும் என்றால் எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூங்குவது நம் கையில் இல்லை, எழுவது இருக்கிறது.

ஒரு படியில் இரண்டு நாளாகத் தூக்கம் தடுமாறினால் அங்கேயே இன்னொரு நாள் நில்லுங்கள். முன்னால் பாய வேண்டாம். இது தோற்றுப்போகும் இடங்கள் சில: அலாரத்தை நிறுத்திவிட்டு இருட்டறையிலேயே ஒரு மணி நேரம் போன் பார்ப்பது. இதில் எழுந்த நேரம் மாறும், வெளிச்ச நேரம் மாறாது. மாலை ஐந்து மணிக்கு ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுவது. அது சேர்ந்த தூக்க அழுத்தத்தைக் கரைத்துவிடும். தாங்க முடியவில்லை என்றால் பிற்பகல் மூன்று மணிக்கு முன் 20 நிமிடம் அலாரம் வைத்துத் தூங்கலாம். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை கனக்கும்.

மாலையில் வேலை தலைகீழ். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணைத்து, தாழ்வான, மஞ்சள் நிற விளக்குக்கு மாறுங்கள். சாதாரண அறை விளக்கே மெலடோனினை அடக்கப் போதுமானது. போனின் நீல ஒளியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதன் வெளிச்சத்தைவிட அதில் ஓடும் விஷயம்தான் பெரிய கேடு என்பது எங்கள் கருத்து. திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி வரை விளையாடினால் இரண்டு மணி இரண்டு மணிதான். இரவில் போனை வேறு அறையில் சார்ஜ் போட்டு, எழுப்புவதற்குத் தனி அலாரம் கடிகாரம் வைப்பது இதற்கு நேரடியான வழி.

கஃபீன், சாப்பாடு, உடற்பயிற்சி

கஃபீன் தூக்க அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்து, களைப்பின் செய்தியை மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் என்றால் இரவு 11-க்கும் 50 மில்லிகிராம் உள்ளே இருக்கும். மதியத்துக்குப் பிறகு காபி, தேநீர், கோலா வேண்டாம். எனர்ஜி டிரிங்க் பள்ளி வயதில் எந்த நேரத்திலும் வேண்டாம்.

கல்லீரலுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுபவை. நள்ளிரவில் சாப்பிட்டால் மூளை ஒரு நேரமும் வயிறு ஒரு நேரமும் காட்டும், காலையில் பசிக்காது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு, படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு கடைசிச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் போதும். திருத்தும் முதல் மூன்று நாட்களில் காலைப் பசி இருக்காது. கொஞ்சமாகவாவது சாப்பிடுங்கள், நான்காம் நாளில் பசி தானே எட்டிப் பார்க்கும்.

5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் காலையில் வெளியே செய்தால் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும்.

நகராமலே காத்துக்கொள்ள

திருத்துவதைவிட, விடுமுறையின் தொடக்கத்திலிருந்தே நகராமல் வைத்திருப்பது எளிது. தேர்வு முடிந்த களைப்போடு வரும் பிள்ளையை முதல் நான்கைந்து நாள் கூடுதலாகத் தூங்க விடுங்கள், அந்தக் கடன் உண்மையானது. ஆனால் கூடுதல் தூக்கத்தை இரவின் தொடக்கத்தில் சேர்க்கப் பாருங்கள், அதாவது முன்னதாகப் படுத்து. பிறகு எழும் நேரம் பள்ளி நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். விருந்து, பயணம் என்று ஓர் இரவு ஒரு மணி வரை விழித்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. மறுநாள் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து, மதியம் 20 நிமிடம் கண் மூடினால் கடிகாரம் இடத்திலேயே நிற்கும்.

மெலடோனின் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட வேண்டாம். அதிலும் அளவைவிட நேரம்தான் முக்கியம், தவறான நேரத்தில் போட்டால் எதிர்ப்பக்கம் இழுக்கும். மருத்துவர் சொன்னால் மட்டும். மூன்று, நான்கு வாரம் ஒழுங்காக முயன்றும் தூக்கம் நள்ளிரவு தாண்டியே வருகிறது என்றாலும், தூக்கத்தில் உரத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, நாளெல்லாம் படுக்கையிலேயே என்றால் அதைக் கடிகாரக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மன அழுத்தமும் இப்படித்தான் தெரியும், அதற்கு உதவி உடனே வேண்டும்.

பள்ளி திறந்த பிறகு வரும் முதல் வார இறுதியில் கூடுதல் கவனம் வேண்டும். பன்னிரண்டு நாள் நகர்த்திய கடிகாரம் இன்னும் புதிய இடத்தில் உறுதியாக உட்காரவில்லை. ஐந்து நாள் களைப்பில் அந்தச் சனிக்கிழமை பத்து மணி வரை தூங்கினால் திங்கள்கிழமை மறுபடி முதல் வகுப்பில் கண் செருகும். அன்று மட்டும் ஏழு மணிக்கு அலாரம் வையுங்கள்.